ட்ரிப்பர் வாங்குவதென்றால் எளிமையானதையே வாங்குங்கள்

இந்தப் பதிவு சிகரெட்டை விட்டு வேப்புக்கு (மின்சிகரெட்டுக்கு) வந்தவர்களுக்கும், வர நினைக்கிற பெரியவர்களுக்கும் மட்டும். சிகரெட் பழக்கமே இல்லாதவர்கள், முக்கியமாகப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள், இதைத் தொட வேண்டாம். நிக்கோட்டின் ஒருமுறை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. சிகரெட்டை விட வேப்பில் கெடுதல் மிகக் குறைவு, ஆனால் கெடுதலே இல்லை என்று அர்த்தமில்லை. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் சொல்வதும் இதைத்தான். நானும் அந்த நினைப்போடுதான் எழுதுகிறேன்.

2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் தூக்கியெறியும் வேப்களை விற்கத் தடை வந்தது. அதிலிருந்து இங்கே லண்டனில் எனக்குத் தெரிந்த தம்பிகள் பலரும் வேறு என்ன வாங்குவது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு, திரவத்தை நிரப்பி நிரப்பிப் பயன்படுத்தும் பாட் என்கிற சின்ன வேப் போதும். ஆனால் சிலர், "அண்ணா, ட்ரிப்பர் வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். மோட் என்கிற பேட்டரிப் பெட்டியின் மேல் மாட்டி, நாமே திரவம் சொட்டுவிட்டு இழுக்கும் வேப் தலை அது. வாங்கலாம். ஆனால் இரண்டே போஸ்ட் (கம்பியை இறுக்கும் சிறு தூண்), ஒரே காயில் (சூடாகும் கம்பிச்சுருள்), பக்கவாட்டில் காற்றுத்துளை, அவ்வளவே இருக்கிற எளிய ஒன்றை வாங்குங்கள். அதை ரெகுலேட்டட் மோடில், அதாவது பாதுகாப்புச் சுற்று உள்ள மோடில், மட்டும் பொருத்துங்கள். மிச்சமாகும் பணத்தையும் நேரத்தையும் பஞ்சிலும் நல்ல பேட்டரியிலும் போடுங்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஏன் என்பதுதான் கொஞ்சம் நீளம்.

ட்ரிப்பரில் டேங்க் கிடையாது. ஒரு அடித்தட்டு, அதில் நேர்மின், எதிர்மின் என இரண்டு போஸ்ட், நடுவே கம்பிச்சுருள், அதற்குள் பஞ்சு, மேலே ஒரு மூடி. சில சொட்டு திரவத்தை நாமே விட்டு, சில தடவை இழுத்து, திரும்ப விடுகிறோம். பத்து வருடத்துக்கு முன்னால் வேப் கடைகளில் இதுதான் பிரபலம். இப்போது பாட்களுக்கு நடுவே ஓர் ஓரத்தில் இருக்கிறது.

எனக்கு இது பிடித்திருப்பதற்குக் காரணம் சுவை மட்டுமல்ல. மூடியைக் கழற்றினால் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. மூடி ஒட்டிய பாட் காயிலுக்குள் பஞ்சு கருகியிருக்கிறதா, சுருளில் கரி படிந்திருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. இனிப்புக்காகச் சுக்ரலோஸ் சேர்த்த ஜூஸ் (வேப் திரவம்) என்றால் சில நாளிலேயே காயில் கறுத்துவிடும். பாட் வகையில் அந்தக் கறுப்பின் வழியாகவே இழுத்துக்கொண்டிருப்போம். ட்ரிப்பரில் பார்த்த உடனே பஞ்சை மாற்றிவிடலாம். பஞ்சுக்கு ஆகும் செலவு சில பென்ஸ். நுரையீரலுக்குள் போகிற ஒன்று எதன் மேல் பட்டு வருகிறது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிவதை நான் பெரிய விஷயமாக மதிக்கிறேன். குப்பை விஷயமும் இருக்கிறது. தடைக்கு முன், 2023ல், பிரிட்டனில் வாரத்துக்கு ஏறக்குறைய 50 லட்சம் தூக்கியெறியும் வேப்கள் குப்பைக்குப் போவதாக, மின்கழிவு மறுசுழற்சிக்காக இயங்கும் மெட்டீரியல் ஃபோகஸ் அமைப்பு கணக்கிட்டது. ஒவ்வொன்றிலும் ஒரு லித்தியம் பேட்டரி. ஒரு ட்ரிப்பரோ ஒழுங்காக வைத்துக்கொண்டால் வருடக்கணக்கில் உழைக்கும். மாறுவது கம்பியும் பஞ்சும்தான்.

சரி, எளிமையானது என்றால் எது? பழைய ட்ரிப்பர்களில் மூன்று போஸ்ட் இருக்கும். நடுவில் இருக்கிற போஸ்ட்டின் ஒரே துளைக்குள் இரண்டு காயில்களின் கால்களையும் (கம்பி நுனிகளையும்) நுழைக்க வேண்டும். ஒன்றை இறுக்கினால் மற்றது நழுவும். அதன் பிறகு வந்த வெலாசிட்டி வகை அடித்தட்டில் இரண்டு போஸ்ட், ஒவ்வொன்றிலும் இரண்டு துளை. இரட்டைக் காயிலுக்கு அது நல்ல அமைப்பு. ஆனால் முதல்முறை வாங்குகிறவருக்கு இரட்டைக் காயில் எதற்கு? இரண்டும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் சூடாக வேண்டும். ஒன்று பிந்தினால் எதில் பிழை என்று கண்டுபிடிப்பதற்குள் பொறுமை போய்விடும். ஓமியரின் வாஸ்ப் நானோ மாதிரி 22 மி.மீ. அகலத்தில் ஒற்றைக் காயிலுக்கென்றே செய்த ட்ரிப்பர்கள் மலிவாகவே கிடைக்கின்றன. சைக்ளோனின் ஹடாலி கொஞ்சம் விலை கூடியது, ஆனால் அதே எளிய குடும்பம்.

கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் நான் முதலில் பார்ப்பது திருகுகளை. மெலிந்த, மென்மையான தலை என்றால் நாலு தடவை இறுக்கியதும் தேய்ந்துவிடும். மலிவு நகல்களில் இதுதான் பெரிய தொல்லை. அடுத்தது கிண்ணத்தின் ஆழம். போஸ்ட்களைச் சுற்றித் திரவம் தங்கும் பள்ளம் ஆழமாக இருந்தால் அடிக்கடி சொட்டுவிட வேண்டாம். காற்றுத்துளை மூடியின் பக்கவாட்டில், காயில் மட்டத்தில் இருப்பது நல்லது. அடியிலிருந்து காற்று வரும் வகை சுவை தரும் என்பது உண்மைதான், ஆனால் ஒரு சொட்டு கூடிப்போனாலும் ஒழுகும். மூடிக்குள் இடம் குறுகலாக இருக்க வேண்டும். இடம் பெரிதானால் ஆவி அலைந்து சுவை மங்கும். இன்னொன்றைக் கடைக்காரர்கள் பலர் சொல்வதில்லை. பெரும்பாலான ட்ரிப்பர்களுடன், மோடிலிருந்து மின்சாரம் வாங்கும் அடி ஊசியாக, நடுவில் துளையிட்ட ஸ்க்வாங்க் ஊசி ஒன்றும், துளையில்லாத ஊசி ஒன்றும் வரும். உங்களிடம் அடியிலிருந்து திரவம் ஏற்றும் ஸ்க்வாங்க் மோட் இல்லையென்றால் துளையில்லாததை மாட்டுங்கள். இல்லாவிட்டால் திரவம் அந்தத் துளை வழியே மோடுக்குள் இறங்கும்.

காயிலுக்கு வருவோம். கிளாப்டன், ஏலியன் என்று பின்னல் கம்பிகளைக் கண்டு மயங்க வேண்டாம். அவை சூடாக நேரமெடுக்கும், அதிக வாட் கேட்கும், திரவத்தைக் குடிக்கும். 26 கேஜ் தடிமனில் 'காந்தல்' (Kanthal) கம்பி ஒரு சுருள் வாங்குங்கள். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த உலோகம் அது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் ஏற்றது. அதை 3 மி.மீ. தடிமனுள்ள ஓர் அச்சின் மேல் 7 சுற்று சுற்றினால் ஏறக்குறைய 0.9 முதல் 1 ஓம் வரை வரும். அதற்கு 15 முதல் 20 வாட் போதும். போஸ்டில் பொருத்தி, மிச்சக் காலை ஒட்ட வெட்டி, கால் எதுவும் மூடியில் படவில்லை என்று பாருங்கள். மோடில் ஓம் எத்தனை என்று பார்த்த பிறகுதான் பட்டனைத் தொட வேண்டும். அப்புறம் குறைந்த வாட்டில் விட்டு விட்டு அழுத்துங்கள். சுருள் நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் சீராகச் சிவக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் சிவந்தால் அழுத்துவதை நிறுத்தி, பீங்கான் முனை இடுக்கியால் லேசாகச் சுருளை நெருக்கி, மறுபடி பாருங்கள். பஞ்சு வைக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

இனி பஞ்சு. ட்ரிப்பர் நன்றாக இருக்கிறது, மோசமாக இருக்கிறது என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் உண்மையில் பஞ்சைப் பற்றித்தான் சொல்கிறார்கள். விலை கூடின ட்ரிப்பரில் பஞ்சைத் திணித்து வைத்தால் தொண்டை எரியும். மலிவானதில் பதமாக வைத்தால் அமிர்தம். வேப்புக்கென்று விற்கும், வெளுக்காத சுத்தமான பஞ்சை எடுத்து, மெல்லிய திரியாக உருட்டி, சுருளுக்குள் இழுங்கள். இழுக்கும்போது லேசாகப் பிடிக்க வேண்டும். சுருள் வளையும் அளவுக்கு இறுக்கம் கூடாது. உள்ளே வழுக்கிக்கொண்டு போனால் பஞ்சு போதாது. இருபக்கமும் தட்டின் ஓரம் வரை நீளம் விட்டு வெட்டி, நுனிகளைக் கலைத்துத் தளர்த்தி, கிண்ணத்தின் அடியைத் தொடும்படி சும்மா வைத்துவிடுங்கள். குத்தித் திணித்தால் திரவம் ஏறாது. காற்றுத்துளைக்கு நேரே பஞ்சு நிற்கக் கூடாது. பிறகு முழுவதும் நனையும்வரை சொட்டுவிட்டு, வெள்ளைத் திட்டு எங்கும் தெரியவில்லை என்று உறுதிசெய்யுங்கள். மூடி இல்லாமல் ஒருமுறை அழுத்தி, சீறி ஆவி எழுகிறதா பாருங்கள்.

இதில் இவ்வளவு கறாராக இருப்பதற்கு வேதியியல் காரணம் உண்டு. வேப் திரவத்தில் முக்கியமாக இருப்பவை புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். புரோப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். கிளிசரின் 290 டிகிரியில். பஞ்சு நனைந்திருக்கும்வரை திரவம் ஆவியாகி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், சுருள் அளவோடு இருக்கும். பஞ்சு காய்ந்தால் சுருளின் வெப்பம் எகிறும். கிளிசரின் உடைந்து அக்ரோலின், ஃபார்மால்டிஹைட் போன்ற நச்சு ஆல்டிஹைடுகள் உருவாகும், பஞ்சும் தீயும். 2015ல் கிரேக்க மருத்துவர் கான்ஸ்டான்டினோஸ் ஃபார்சலினோஸ் குழுவினர் அட்டோமைசரை (வேப்பில் திரவத்தை ஆவியாக்கும் பகுதியை) வைத்துச் சோதித்தபோது, இந்த ஆல்டிஹைடுகள் மிக அதிகமாக வந்தது காய்ந்த இழுப்பில்தான். பழகியவர்கள் அந்தச் சுவையை உடனே கண்டுபிடித்து நிறுத்திவிடுகிறார்கள் என்பதும் அதில் தெரிந்தது. ட்ரிப்பரில் டேங்க் இல்லாததால் காய்வது நம் கையில்தான் இருக்கிறது. அதனால் காய்ந்த பிறகு சொட்டுவிடாதீர்கள், காயும் முன்பே விடுங்கள். ஆவி மெலிந்து சூடு ஏறினால் அதுதான் அறிகுறி. ஏழெட்டுச் சொட்டு ஒரு தடவைக்குப் போதும். கொழகொழவென்று தெறித்தால் கூடிவிட்டது. தீய்ந்த சுவை வந்துவிட்டால் அந்தப் பஞ்சை எடுத்தெறியுங்கள். மேலே ஜூஸ் ஊற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், அது சரியாகாது.

கார் ஓட்டும்போது ட்ரிப்பர் கூடவே கூடாது. ஒரு கையில் மோட், இன்னொரு கையில் பாட்டில் என்று இருப்பவர் ஸ்டீயரிங்கை எதனால் பிடிப்பார்?

ஜூஸ் எது என்பதில் ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பாட் வகையில் பழகிய, மி.லி.க்கு 20 மி.கி. உள்ள நிக்கோட்டின் சால்ட் திரவத்தை ட்ரிப்பரில் விடாதீர்கள். ஒரே இழுப்பில் வரும் ஆவி பல மடங்கு அதிகம். தலைசுற்றல், குமட்டல் எல்லாம் வரும். 3 மி.கி. போதும், மிஞ்சிப்போனால் 6. கிளிசரின் 70 சதவீதம் இருப்பது ட்ரிப்பருக்குப் பொருந்தும்.

இனி மெக்கானிக்கல் மோட். இதில் எனக்கு நண்பர்களோடு தீராத வாக்குவாதம். வெறும் உலோகக் குழாய், உள்ளே பேட்டரி, நடுவில் எந்தப் பாதுகாப்புச் சுற்றும் இல்லை. அதன் அழகு எனக்கும் புரிகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். மோடில் போடும் 18650 வகை பேட்டரி, முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட். 0.9 ஓம் காயில் என்றால் 5 ஆம்பியருக்கும் குறைவு. அதையே 0.2 ஓமாக்கினால் 21 ஆம்பியர். பல பேட்டரிகளின் எல்லை அதற்குள்ளேயே முடிந்துவிடும். திருகு ஒன்று தளர்ந்து கால் மூடியில் பட்டால் அது நேரடி ஷார்ட். ரெகுலேட்டட் மோட் அப்போது நின்றுவிடும், குழாய் நிற்காது. ட்ரிப்பரின் நடு ஊசி வெளியே துருத்தாமல் இருந்து, அதை ஹைபிரிட் வகைக் குழாயில் (ட்ரிப்பர் நேராகப் பேட்டரியையே தொடும் வகை) மாட்டினால் பட்டனை அழுத்தியதும் பேட்டரி வெடிக்கலாம். வெடித்து உயிர்கள் போயிருக்கின்றன. புதிதாக வருகிற ஒருவருக்கு இதைப் பரிந்துரைக்கிற யாரோடும் நான் ஒத்துப்போக மாட்டேன். எந்த மோடாக இருந்தாலும் பேட்டரியின் மேலுறை கிழிந்திருந்தால் பயன்படுத்தாதீர்கள். சாவி, சில்லறையோடு பாக்கெட்டில் போடாதீர்கள். பிளாஸ்டிக் டப்பா ஒரு பவுண்டுக்குக் கிடைக்கும்.

பெரிய புகைமேகத்துக்காக இரட்டைக் காயில், 80 வாட், 100 வாட் என்று போகிறவர்களுக்கு அதில் சந்தோஷம் இருக்கலாம். சிகரெட்டை விடுவதற்கு அது தேவையில்லை. செலவையும் பாருங்கள். பிரிட்டனில் 2026 அக்டோபர் 1 முதல் வேப் திரவத்துக்கு 10 மி.லி.க்கு 2 பவுண்டு 20 பென்ஸ் வரி என்று அரசு நிர்ணயித்திருக்கிறது, நிக்கோட்டின் இல்லாததற்கும் சேர்த்து. 100 மி.லி. பாட்டில் என்றால் வரியே 22 பவுண்டு, அதற்கு மேல் மதிப்புக்கூட்டு வரி. இரட்டைக் காயிலில் அந்தப் பாட்டில் வெகு சீக்கிரம் காலியாகும். 18 வாட்டில் ஒற்றைக் காயில் போட்டால் அதே பாட்டில் நிதானமாகப் போகும், சுவையிலும் குறை தெரியாது.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் பாட்டில்களைப் பூட்டி வையுங்கள். நிக்கோட்டின் திரவம் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலும் குழந்தைக்கு ஆபத்து. கையில் பட்டால் உடனே கழுவுங்கள்.

கடைசியாக, ஊருக்குப் போகிறவர்களுக்கு. இந்தியாவில் 2019ல் கொண்டுவந்த சட்டப்படி மின்சிகரெட் இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் தடை. இலங்கையிலும் விற்பனைக்குத் தடை. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் கையில் வைத்திருப்பதே குற்றம், அந்த வழியாக விமானம் மாறுகிறவர்கள் கவனிக்க வேண்டும். ட்ரிப்பரும் இதற்கு விதிவிலக்கல்ல. எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு, அந்த நாட்களுக்கு நிக்கோட்டின் கம்மோ பேட்ச்சோ போதுமா என்று கிளம்பும் முன் இங்கே மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.