எங்கள் அடுப்படியில் யாரும் யாரையும் வெல்லவில்லை

வெள்ளிக்கிழமை நான் போட்ட அடுப்படிப் படம் என்ன பாடுபட்டது என்று இங்கே இருக்கும் எல்லாருக்கும் தெரியும் என்பதால் அதை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. சுவரில் மாதா படமும் அம்மன் படமும், எரிகிற விளக்கு, ஓர் அடுப்பில் என் கணவரின் மீன்குழம்புச் சட்டி, பக்கத்து அடுப்பில் என் பொங்கல், இவ்வளவுதான் அந்தப் படத்தில் இருந்தது. பின்னூட்டங்களோடு முடிந்திருந்தால் நானும் வழக்கம்போல விட்டிருப்பேன். யாரோ ஒருவர் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டுபோய் வேறொரு குழுவில் போட்டு, ‘இந்த வீட்டில் மாறியது யார், பெண்ணா, மாப்பிள்ளையா?’ என்று வாக்கெடுப்பு வைத்ததும், முன்பின் அறியாதவர்கள் அதில் வரிசையாக வாக்களித்ததும், அந்த வரிசையில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெயர் இருந்ததும்தான் என்னை எழுத வைத்திருக்கின்றன.

விடையை நானே சொல்லிவிடுகிறேன். யாரும் மதம் மாறவில்லை. நான் திருவொற்றியூரில் பிறந்து வடிவுடையம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவள், இன்றும் கும்பிடுகிறேன். என் கணவர் ராயபுரத்துக்காரர், படகுக்காரர்கள் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு 1829இல் கட்டிய புனித பேதுரு ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர், இன்றும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாமல் போகிறார். தை மாதம் திருமணம் முடிந்து ஆடி வந்துவிட்டது. இந்த இடைக்காலத்தில் எங்கள் அடுப்படியில் யாரும் யாரையும் வெல்லவில்லை, யாரும் யாரிடமும் தோற்கவில்லை.

மாதா படம் மேலேயும் அம்மன் படம் கீழேயும் இருப்பதைச் சிலர் பெரிய ஆதாரமாகச் சுட்டிக்காட்டியிருந்தார்கள். நாங்கள் தண்டையார்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறோம். சுவரில் புதிதாக ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஆணிகள்தாம் இருக்கின்றன. மேல் ஆணியில் மாட்டினால்தான் மாதா படத்தின் நீளமான சட்டம் மசாலா டப்பாக்கள் இருக்கும் பலகையில் இடிக்காமல் நிற்கிறது. அம்மன் படம் சிறியது. கீழ் ஆணி அதற்குச் சரியாக இருக்கிறது. பூ வைக்கவும் பொட்டு வைக்கவும் எனக்குக் கை எட்டுகிற உயரமும் அதுதான். ஆணி இருந்த இடத்தை வைத்து ஒரு பெண்ணின் பக்தியை அளந்துவிட்டீர்கள்.

அடுத்தது அந்த மண்சட்டி. அவருக்குத் துறைமுகத்தில் வேலை. இரவுப் பணி என்றால் விடிந்த பிறகுதான் வீட்டுக்கு வருவார். வியாழக்கிழமை இரவு வைத்த நெத்திலி மாங்காய்க் குழம்பை, மாங்காயின் புளிப்பு மீனில் நன்றாக இறங்கியிருக்கும் மறுநாள் காலையில், இட்லிக்குத் தொட்டுக்கொள்ள அவர் சூடு செய்துகொண்டிருந்தார். பக்கத்து அடுப்பில் நான் சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லம் கரைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை நான் கவுச்சி தொட மாட்டேன். அதனால் அந்தச் சட்டிக்குக் கரண்டி தனி. சாப்பிட்ட தட்டை அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் என் பக்கம் வருவார். நான் கேட்டு அவர் இதைச் செய்யவில்லை. அவருக்கு மீன் வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. அந்தக் காலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அதனால்தான் படம் எடுத்தேன்.

‘விளக்கு எரிகிற இடத்தில் மீனா?’ என்று கேட்டவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வடசென்னையில் ஓர் ஆடி ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருக்களில் நடந்து பாருங்கள். வேப்பிலை கட்டிய அண்டாவில் கேழ்வரகுக் கூழ் ஊற்றுவார்கள். வீடுகளில் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் வைத்து அம்மனுக்குப் படைத்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்கள். வெள்ளிக்கிழமை கவுச்சி இல்லை என்பது என் அம்மா வீட்டுப் பழக்கம். அதை நான் விரும்பிக் காப்பாற்றுகிறேன். அதற்காக அம்மனுக்கு மீன் வாசனையே ஆகாது என்று இந்தக் கடற்கரையில் பிறந்தவளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

எங்கள் திருமணம் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவானது. யாரும் மதம் மாறாமல் மணம் செய்துகொள்ள இந்த நாடு வைத்திருக்கும் வழி அது. முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு 30 நாள்கள் காத்திருக்க வேண்டும்; அந்த அறிவிப்பை அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள்; ஆட்சேபம் இருப்பவர்கள் அந்தக் கெடுவுக்குள் எழுதிக் கொடுக்கலாம். அந்த நாள்களில் தொலைபேசி மணி அடித்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். யாரும் வரவில்லை. மணமக்களின் வயது என்ன, வேறு திருமணம் உண்டா, விலக்கப்பட்ட உறவுமுறையா என்றெல்லாம் பார்க்கிற சட்டம், வீட்டில் என்ன சமைப்பீர்கள், எந்தப் படத்தை எங்கே மாட்டுவீர்கள் என்று எங்களைக் கேட்கவில்லை. அதைக் கேட்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

இந்தச் சில மாதங்களில் நான் கண்ட சந்தோஷங்கள் பெரியவை. திருநீற்றுப் புதனன்று அவர் ஆலயத்திலிருந்து நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்தபோது நான் குளித்துவிட்டு நீறு பூசிக்கொண்டு நின்றேன். இருவரும் ஒரே கண்ணாடியில் ஒருவர் நெற்றியை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தவக்காலத்தில் அவர் வீட்டில் இறைச்சி கிடையாது, மீனுக்குத் தடையில்லை. எனக்கோ வெள்ளிக்கிழமை மீனும் ஆகாது. ஆகவே அந்த வெள்ளிக்கிழமைகளில் இருவருக்கும் பொதுவாக எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தோம். பெரிய வெள்ளியன்று ஆலயத்தில் ஊற்றிய கஞ்சியை அத்தை, அவருடைய அம்மா, தூக்கில் வாங்கிக்கொண்டு ராயபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, “உனக்கும் வெள்ளிக்கிழமைதானம்மா, இதுல கவுச்சி எதுவும் இல்ல, குடி” என்று கொடுத்தார்கள். என்னை மாற்றுவதற்காக வந்த கஞ்சியா அது?

சுறா புட்டு செய்யவும் அத்தைதான் கற்றுக்கொடுத்தார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும். சின்னப் படகுகள் கொண்டுவருவதுதான் மீன், விலையும் ஏறிப்போகும். தடை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை பால்சுறா வாங்கிவந்தார்கள். மஞ்சள் போட்டு வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் கத்தியின் முதுகால் சுரண்டி மணல் தோலை உரிக்க வேண்டும். ஒரு துளி மணல் தங்கினாலும் பல்லில் கடிபடும். பிறகு உதிர்த்து, கைப்பிடிக்குள் வைத்து நீர் போகப் பிழிய வேண்டும். கையைத் திறந்ததும் புட்டு பஞ்சு போல உதிர வேண்டும். எனக்கு அது உதிர்ந்தபோது அத்தை, “ராயபுரத்து மருமக ஆயிட்ட” என்றார்கள். உடனே என் அம்மா, “திருவொத்தியூர்ப் பொண்ணுக்கு மீன் தெரியாதா அண்ணி?” என்றார்கள். இரண்டு பேரும் சிரித்தார்கள். இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே அடுப்படியில் நின்று சிரித்ததற்கு எந்தக் குழுவிலும் வாக்கெடுப்பு வைக்க முடியாது.

முற்போக்கான நண்பர்கள் சிலர் வேறு திசையிலிருந்து வருத்தப்பட்டிருந்தார்கள். பாரிமுனையில் கணக்கு வேலை பார்க்கிற பெண் அடுப்படியையும் விளக்கையும் கொண்டாடலாமா என்பது அவர்கள் கேள்வி. இதை நான் தள்ளிவிட மாட்டேன். என் அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் அடுப்படியில் தனியாக நின்றவர். சோறு நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்காமலே கை கழுவியவர். அந்த வலி எனக்குத் தெரியும். ஆனால் நான் அங்கே தனியாக நிற்கவில்லை. காசிமேட்டில் மீன் வாங்குவதும், மண்சட்டியைத் தேய்ப்பதும், இரவுப் பணி இல்லாத நாள்களில் சப்பாத்தி திரட்டுவதும் அவர்தான். இருவர் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவதில் எனக்கு ஒரு நிறைவு இருக்கிறது. அதை எந்தக் கொள்கைக்காகவும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதே நேரத்தில், ‘குடும்பப் பெண் என்றால் இப்படி இருக்க வேண்டும்’ என்று என் படத்தைப் பகிர்ந்து மற்றப் பெண்களை வைதவர்களும் அந்தப் பகிர்வை நீக்கிவிடுங்கள். யாரையும் தாழ்த்த நான் பொங்கல் வைக்கவில்லை.

படம் போட்டால் நாலு பேர் பேசத்தான் செய்வார்கள் என்கிறீர்கள். கல்யாணப் படம், வளைகாப்புப் படம், கிரகப்பிரவேசப் படம் எல்லாம் நீங்களும் போடுகிறீர்கள். அங்கே வந்து நான் யாருடைய சாமியையும் எண்ணியதில்லை.

‘பிள்ளை பிறந்தால் என்ன செய்வாய்?’ என்ற கேள்விக்கு மட்டும் என்னால் நிதானமாகப் பதில் எழுத முடியவில்லை. இன்னும் உருவாகாத ஒரு குழந்தையை இழுத்துவந்து நடுவில் நிறுத்தி, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்க எப்படி மனம் வருகிறது? அந்தக் குழந்தை மாதா கோயிலில் மெழுகுவத்தியும் ஏற்றும், பௌர்ணமியோடு வெள்ளிக்கிழமை சேர்ந்து வந்தால் காலையில் மேலூர், உச்சியில் திருவொற்றியூர், மாலையில் வட திருமுல்லைவாயில் என்று என்னோடு மூன்று அம்மனையும் பார்க்க வரும். பெரம்பூர் லூர்து மாதா ஆலயத்தில் குங்குமப் பொட்டோடு வரிசையில் நிற்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நம் ஊரில் இது புதிதா?

திருமணத்துக்கு முன் என் பாட்டி கேட்டது ஒன்றே ஒன்றுதான். சுந்தரர் சங்கிலியாரிடம் ‘உன்னைப் பிரியேன்’ என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்த ஊர் எங்கள் ஊர். அந்தச் சத்தியத்தை மீறி ஊரைத் தாண்டியதால் அவருக்குக் கண்பார்வை போயிற்று. மாசித் திருவிழாவில் மகிழடி சேவையாக இன்றைக்கும் அந்தச் சத்தியம் நடத்திக் காட்டப்படுகிறது. பாட்டி என் கணவரை அருகில் உட்கார வைத்துக்கொண்டு, “என் பேத்திய வுட்டுட்டுப் போவ மாட்டியே ராசா?” என்று கேட்டார். அவர் “மாட்டேன் பாட்டி” என்றார். எந்தச் சாமி பேரால் சத்தியம் என்று பாட்டி கேட்கவில்லை. எழுபது வயதைத் தாண்டிய, பள்ளிக்கூடம் போகாத என் பாட்டிக்குத் தெரிந்தது, இவ்வளவு படித்த உங்களுக்கு ஏன் தெரியவில்லை?

சித்தி, இனி உங்களுக்கு. முன்பின் தெரியாதவர்கள் வாக்களித்தது எனக்கு எரிச்சல்தான் தந்தது. உங்கள் பெயரைப் பார்த்த இரவு நான் சாப்பிடவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து, அந்த மண்சட்டியிலிருந்தே மீன்குழம்பு ஊற்றிக்கொண்டு, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். போகும்போது அவர் உங்களை ஸ்டேஷன் வரைக்கும் வண்டியில் கொண்டுபோய் விட்டார். அப்படிப்பட்ட நீங்கள் ‘மாறியது பெண்’ என்பதை அழுத்தியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேனே, சித்தி.

அந்தப் படத்தை நான் நீக்கப் போவதில்லை. இந்தப் பதிவின் கீழ் மதம் பேசுகிற பின்னூட்டங்களை அழித்துவிடுவேன். சுறா புட்டுக்குச் செய்முறை கேட்ட அக்காக்களுக்கு அத்தையிடம் அளவு கேட்டு நாளை தனியாக எழுதுகிறேன்.