13ஆம் தேதியே எங்க வீட்ல கிறிஸ்மஸ்

எங்க வீட்ல இந்த வருஷம் கிறிஸ்மஸ் டிசம்பர் 13ஆம் தேதியே கொண்டாடியாச்சு. நான் சென்னைல ஸ்டாஃப் நர்ஸ், 24, 25 ரெண்டு நாளும் எனக்கு நைட் டியூட்டி. போன வருஷம் நான் ஊருக்குப் போனப்ப டியூட்டி பார்த்த நாகர்கோவில் சிஸ்டர் இந்த வருஷம் போகட்டும், அவங்களுக்கும் ஊர்ல சின்னப்புள்ள இருக்கு. அண்ணனுக்கு துபாய்ல இருந்து பத்து நாள்தான் லீவு, 16ஆம் தேதி ஃபிளைட். அப்போ எல்லாரும் ஒண்ணா இருக்கிற நாள் எதுன்னு பார்த்தா அந்த ஒரு சனிக்கிழமைதான்.

ஊர் தூத்துக்குடி மாவட்டம் மெஞ்ஞானபுரம். எழும்பூர்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறி விடியக்காலம் நாசரேத்ல இறங்கி, அப்பா பைக்ல பின்னாடி உட்கார்ந்து வரும்போது தூரத்துலயே எங்க கோயிலோட, அதான் சர்ச்சோட, அந்த 192 அடி கோபுரம் தெரியும் பாருங்க, அப்பவே எனக்குப் பண்டிகை ஆரம்பிச்சிரும். 25ஐ ஒட்டின நாளுக்கு இதே ட்ரெயின்ல, 60 நாளைக்கு முன்னாடி காலைல 8 மணிக்கு போனும் கையுமா உட்கார்ந்தாலும் வெயிட்டிங் லிஸ்ட்தான் வரும்.

முதல்ல ஆச்சி ஒத்துக்கவே இல்ல. "ஏட்டி, ஏசப்பா பொறந்தநாள நம்ம வசதிக்கு மாத்த முடியுமா"ன்னு கேட்டாங்க. பைபிள்ல தேதி எங்கயும் இல்லையே ஆச்சி, அர்மீனியாக்காரங்க ஜனவரி 6ல கொண்டாடுறாங்கன்னு நான் என்னென்னமோ சொல்லிப் பார்த்தேன், ஒண்ணும் எடுபடல. அப்புறம் அம்மாதான் 2023ஐ ஞாபகப்படுத்துனாங்க.

அந்த டிசம்பர் 17, 18 மழைய எங்க பக்கத்து ஆளுங்க யாரும் மறக்க மாட்டாங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், இதே செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல வெள்ளத்துக்கு நடுவுல நின்னுபோச்சு, பக்கத்து ஊர்க்காரங்கதான் உள்ள இருந்தவங்களுக்கு சோறு பொங்கிக் கொடுத்தாங்க. நாங்க யாருமே ஊருக்குப் போக முடியல. தாத்தாவும் ஆச்சியும் மட்டும் 25ஆம் தேதி கோயிலுக்குப் போயிட்டு வந்து பழைய குழம்ப சூடு பண்ணி சாப்பிட்டிருக்காங்க. அடுத்த கிறிஸ்மஸுக்கு தாத்தா இல்ல. 25 வந்தா பாத்துக்கலாம்னு இருந்துட்டோமேன்னு எனக்கு இன்னும் ஆறல.

ஆச்சி கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "சரி, மாவு இடிக்க ஆள் சொல்லு"ன்னாங்க.

அப்புறம் எதையும் 25க்குன்னு ஒதுக்கி வைக்கல. உடன்குடி கருப்பட்டி போட்ட அதிரசம், முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு எல்லாம் ரெண்டு நாளா சுட்டாங்க, மைனி, அதான் அண்ணன் பொண்டாட்டி, அடுப்ப விட்டு எந்திரிக்கவே இல்ல. வாசல்ல ஸ்டார் கட்டியாச்சு. விடியக்காலம் எல்லாரும் குளிச்சு முன்ரூம்ல உட்கார்ந்தோம், அப்பா லூக்கா ரெண்டாம் அதிகாரம் வாசிச்சாங்க, ஆச்சி ஜெபம் பண்ணாங்க, தாத்தா பேர் வந்தப்ப அண்ணன் அழுதுட்டான். அப்புறம் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். பக்கத்து வீட்டுக்கெல்லாம் பலகாரத் தட்டு போச்சு, "என்ன இப்பவே"ன்னு கேட்டவங்ககிட்ட புள்ளைங்க சிரிச்சிக்கிட்டே காரணம் சொல்லிட்டு வந்தாங்க.

நர்ஸ், போலீஸ், பஸ் டிரைவர், கப்பல்ல போறவங்க, கல்ஃப்ல இருக்கிறவங்க, இவங்கள்ல யாராவது உங்க வீட்ல இருந்தா தயவுசெஞ்சு "பண்டிகைக்குக்கூட வரமாட்டியா"ன்னு மட்டும் கேக்காதீங்க. அந்த ஒரு வார்த்தைய நினைச்சு நைட் டியூட்டில கண்ணு கலங்கி நின்ன சிஸ்டர்ஸ எனக்குத் தெரியும். அவங்க என்னைக்கு வர்றாங்களோ அன்னைக்கு அடுப்ப மூட்டுங்க, கறி எடுங்க, ஸ்டார் கட்டுங்க. ஏதோ கடமைக்கு ஒரு கேக் வெட்டி அனுப்பிடாதீங்க. கோயில் ஆராதனை 25ஆம் தேதிதான், அத யாரும் மாத்தச் சொல்லல, வீட்டுப் பண்டிகைக்கு அந்தக் கட்டாயம் வேண்டாம்ங்கிறேன்.

ஆச்சிக்கு நான் வாங்கிட்டுப் போன வெள்ளைச் சேலைய மட்டும் அவங்க அன்னைக்குக் கட்டல. மடிப்பு கலையாம பீரோல வச்சிட்டாங்க. 25ஆம் தேதி கோயிலுக்குக் கட்டிட்டுப் போய் அண்ணன் மகள வச்சு போட்டோ எடுத்து அனுப்புறேன், நீ டியூட்டி முடிஞ்சு வந்து பாருன்னு சொல்லியிருக்காங்க.