முதல் பட்டியலின சபாநாயகர் தனபால் அல்ல

'தமிழகச் சட்டமன்றத்தின் முதல் பட்டியலின சபாநாயகர் ப. தனபால்' என்ற செய்தி சென்னை வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வலம் வருகிறது. இது தவறு.

அந்த இடம் ஜெ. சிவசண்முகம் பிள்ளைக்கு உரியது. 1937-லேயே சென்னை மேயரானவர்; அந்தப் பதவிக்கு வந்த முதல் பட்டியலினத்தவரும் அவர்தான். 1946 முதல் 1955 வரை சபாநாயகர். பெயரின் பின்னால் 'பிள்ளை' இருப்பதால் பலருக்கு இது தெரியாமல் போகிறது போல.

சாதாரண காலமா அது? 1952 தேர்தலில் 375 பேர் கொண்ட அவையில் காங்கிரசுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ராஜாஜி முதல்வரானார், 1953-ல் ஆந்திரம் பிரிந்தது, மறு ஆண்டு காமராஜர் வந்தார். இத்தனைக்கும் நடுவே அவையை நடத்தியவரை மறப்பது பெரிய அநியாயம்.

சரி, தனபால்? து. ஜெயக்குமார் விலகிய பிறகு, 2012 அக்டோபரில் போட்டியின்றித் தேர்வாகி 2021 வரை இருந்தார். அருந்ததியர் சமூகத்திலிருந்து வந்த முதல் சபாநாயகர் என்று அவரைச் சொன்னால் சரி. பகிர்ந்தவர்கள் அந்த ஒரு வரியைத் திருத்திவிட்டு மறுபடி அனுப்புங்கள்.