சுன்னத்து பற்றிச் சுற்றும் தகவல் தவறு

“ஆஸ்பத்திரியில் சுன்னத்து செய்தால் மரத்துப்போகும் ஊசியால் பிள்ளைக்குப் பிற்காலத்தில் ஆண்மை போகும், பரம்பரை ஒஸ்தாவிடமே செய்யுங்கள்.” காரைக்குடி, தேவகோட்டை வாட்ஸ்அப் குழுக்களில் இந்தச் செய்தி சுற்றுகிறது. இது உண்மையல்ல. சுன்னத்து என்பது ஆண் குறியின் முன்தோலை நீக்குவது; அதைப் பரம்பரையாகச் செய்பவர் ஒஸ்தா.

அந்த ஊசி பெரும்பாலும் லிக்னோகெய்ன். பல் பிடுங்கும்போது போடுவதும் அதேதான். சில மணி நேரத்தில் அதன் வேலை தீர்ந்துவிடும். ஆண்மைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஒஸ்தாமார் மீது நமக்கு மரியாதை உண்டு, தலைமுறைகளாகச் செய்தவர்கள். ஆனால் கத்தி வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. சில ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருக்கும், ஹைப்போஸ்பேடியாஸ் என்பார்கள். அதைச் சரிசெய்யும் அறுவைக்கு அந்த முன்தோலே தேவைப்படலாம். வெட்டிவிட்டால் திரும்ப வராது. ஹீமோபிலியா என்ற ரத்தம் சரியாக உறையாத நோய் உள்ள பிள்ளைக்கு ரத்தம் நிற்காமல் போகலாம். தாய்மாமன், அண்ணன் யாருக்காவது அப்படி இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

யாரிடம் போவது? குழந்தை அறுவை சிகிச்சை நிபுணர் அல்லது பொது அறுவை மருத்துவர். அவர் பெயரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் இணையத்திலேயே பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் அரசின் மருத்துவ உதவி எண் 104-ஐ அழைத்துக் கேளுங்கள். முன்தோல் இறுக்கத்துக்காக எல்லாச் சமயப் பிள்ளைகளுக்கும் இதே அறுவை நடக்கிறது.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் இதைக் காட்டுங்கள்.