தசைநாண் ரப்பர் அல்ல, எண்ணெயும் அதற்குள் ஊறாது

தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கும் டர்பன், சாட்ஸ்வர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "குதிகால் தசைநாண் ரப்பர் மாதிரி. வயதானால் காய்ந்துவிடும். தினமும் நல்லெண்ணெய் தேய்த்தால் உள்ளே ஊறி மறுபடியும் நெகிழும்." இது தவறு.

தசைநாண் என்பது தசையை எலும்போடு இணைக்கும் நார். அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதை நீக்கினால் மிச்சத்தில் பெரும்பங்கு முதல் வகைக் கொலாஜன் என்ற புரதம். ரப்பர் போல நீளும் எலாஸ்டின் என்ற புரதம் மிகக் கொஞ்சம். கொலாஜன் இழைகள் இழுவிசையின் திசையிலேயே, லேசான நெளிவோடு வரிசையாகக் கிடக்கின்றன. முதலில் இழுக்கும்போது நெளிவு நிமிர்வதால் சுலபமாக நீள்கிறது. அப்புறம் இழைகளே பாரத்தைத் தாங்க வேண்டும், விறைப்பு சட்டென்று கூடுகிறது. ஆய்வகத்தில் இழுத்தால் சுமார் 10 சதவீதம் நீண்டதுமே அறுந்துவிடும்; ரப்பரோ பல மடங்கு நீளும். இந்த விறைப்பு ஒரு குறை அல்ல. தசையின் இழுப்பு வீணாகாமல் எலும்புக்குப் போய்ச் சேர்வதே அதனால்தான்.

வயதாகும்போது உடலிலுள்ள சர்க்கரையால் கொலாஜனுக்கிடையே தேவையற்ற குறுக்குப் பிணைப்புகள் சேர்கின்றன. நீரிழிவு இருந்தால் இன்னும் அதிகம். அது நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்டதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மேலே தேய்த்த எண்ணெய் அந்தப் பிணைப்புகளை அவிழ்க்காது. தேய்த்தால் சுகமாக இருக்கும், சரி, அவ்வளவுதான்.

தசைநாணை வலுப்படுத்துவது பாரம்: மெதுவாக, கனமாக, வாரக்கணக்கில் படிப்படியாகக் கூட்டும் பயிற்சி. குதிகாலுக்கு மேலே 'பட்' என்று சத்தம் கேட்டு, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் எண்ணெயைத் தேடாதீர்கள், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.