பார்க்கின்சன் நோயை விட்டமின் குளிசை மாற்றாது

கிளிநொச்சி, முல்லைத்தீவு வட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: விட்டமின் ஈ, பி6, இரும்புச்சத்துக் குளிசைகளை 3 மாதம் போட்டால் பார்க்கின்சன் நடுக்கம் மாறிவிடும், அந்த நோய்க்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான லெவோடோபாவை நிறுத்தலாமாம். இது பிழை.

800 பார்க்கின்சன் நோயாளரில் பாதிப்பேருக்கு விட்டமின் ஈயை நாளுக்கு 2000 அலகு கொடுத்துச் சோதித்தார்கள். நோய் முற்றுவது குறையவில்லை. முடிவு 1993இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. யாரும் தேடிப் பார்க்கலாம்.

கூடிய சிக்கல் இரும்பில்தான். அது குடலில் லெவோடோபாவுடன் பிணைந்து, மருந்து இரத்தத்தில் சேர்வதைக் குறைக்கும். கை கால் மறுபடி இறுகும். வீட்டார் நோய் முற்றிவிட்டதென்று பயப்படுவார்கள். இரத்தச்சோகைக்கு வைத்தியர் இரும்பு தந்திருந்தால் நிறுத்த வேண்டாம், குறைந்தது 2 மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். லெவோடோபா காலை 6க்கும் மதியம் 12க்கும் என்றால் இரும்பை 9 மணிக்குப் போடலாம். தேநீரோடு மட்டும் வேண்டாம், அது இரும்பையே உடலில் சேரவிடாது.

லெவோடோபாவை வேறு மருந்து சேர்க்காமல் தனியாக எடுத்தால், பி6 அதன் வேலையைக் கெடுக்கும். இப்போது கிடைக்கும் குளிசைகளில் பெரும்பாலும் லெவோடோபா மூளையை அடைய உதவும் கார்பிடோபாவோ பென்செரசைட்டோ சேர்ந்திருப்பதால் வழக்கமான அளவு பி6 பாதிப்பதில்லை. ஆனால் அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் நரம்பு பாதிக்கப்பட்டு கை கால் மரத்துப்போகலாம்.

லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடும் இறுக்கம், காய்ச்சல், மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்து. சந்தேகமிருந்தால் கிளினிக் கொப்பியையும் எல்லாக் குளிசைகளையும் எடுத்துச் சென்று வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள். அந்தத் தகவலை மேலும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் பிழையென்று எழுதிவிடுங்கள்.