29 புள்ளியும் 300 கிலோமீற்றரும்

போன வாரம் நான் ஓடும் ஓட்டப்போட்டித் தொடரின் இந்த வருடத்துப் புள்ளி அட்டவணை வந்தது. பெண்கள், 50–54 வயதுப் பிரிவு, இரண்டாமிடம், 29 புள்ளி. அது நான். மகள் அதை வட்சப்பில் போட்டுவிட்டாள். இரவுக்குள் நான் படிப்பித்த பிள்ளைகள், சொந்தக்காரர், மட்டக்களப்புக் கல்லடியில் விடியக் காலையில் காணும் முகங்கள் என்று எத்தனையோ பேர் வாழ்த்தினார்கள். எல்லோருக்கும் நன்றி. ஆனால் அந்த 29 எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் வாழ்த்தை மட்டும் வாங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை.

வருடத்துக்கு எட்டு ஓட்டங்கள், எல்லாம் 5 கிலோமீற்றர். வயதுப் பிரிவில் முதலாவதாக வந்தால் 10 புள்ளி, அடுத்தவருக்கு 9, அப்படியே இறங்கும். அதிக புள்ளி கிடைத்த ஐந்து ஓட்டங்களைக் கூட்டுவார்கள். எட்டும் கொழும்பிலும் அதை அண்டிய இடங்களிலும்தான். என்னால் மூன்றுக்குத்தான் போக முடிந்தது. 10, 9, 10. முதலிடம் பெற்ற அக்காவுக்கு 48.

பெப்ரவரியில் காய்ச்சல் விட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை. பயணத்துக்குப் பணம் கட்டியாயிற்றே என்று போனேன். 34 நிமிடம் 10 செக்கன். அன்று என் பிரிவில் என்னைத் தவிர ஒருவரும் வரவில்லை. எனக்குப் 10 புள்ளி. செப்டெம்பரில் ஓடியது 31 நிமிடம் 20 செக்கன். என் வாழ்நாளில் நான் ஓடிய மிக நல்ல ஓட்டம் அது. கடைசி 400 மீற்றரில் கண்ணீர் வந்தது. எனக்கு முன்னால் ஒருவர் போனார், எனக்கு 9. ஏறத்தாழ மூன்று நிமிடம் குறைத்து ஓடியதற்கு ஒரு புள்ளி குறைந்தது.

இடத்துக்குப் புள்ளி கொடுக்கும் முறை யார் வந்தார்கள் என்பதைத்தான் எண்ணுகிறது. எப்படி ஓடினார்கள் என்பது அதன் கண்ணில் படுவதில்லை.

அதைப் பார்க்கிற முறை ஏற்கனவே இருக்கிறது. உலக மூத்தோர் மெய்வல்லுநர் அமைப்பு ஒவ்வொரு வயதுக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, ஒவ்வொரு தூரத்துக்கும் எட்டக்கூடிய மிகச் சிறந்த நேரம் ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறது. அந்த நேரத்தை உங்கள் நேரத்தால் வகுத்தால் சதவீதம் வரும். 60 என்றால் உள்ளூர்த் தரம், 70 பிராந்தியம், 80 தேசியம், 90க்கு மேல் உலகத் தரம். என் செப்டெம்பர் ஓட்டம் 55ஐ ஒட்டி நிற்கிறது, பெப்ரவரி 50க்குச் சற்று மேல். எனக்குத் தெரிய வேண்டியது அதுதான். 60ஐத் தொட இன்னும் எவ்வளவு உழைக்க வேண்டும் என்று அந்த எண் சொல்கிறது.

2018இல் சிக்காகோ மரதனை ஜீனி ரைஸ் என்ற பெண் 70 வயதில் 3 மணி 27 நிமிடத்தில் ஓடி முடித்தார். நம் பக்கத்தில் முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா 72 வயதில் பிலிப்பைன்ஸ் போய் மூத்தோர் போட்டியில் தங்கம் வென்றதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இப்படிப்பட்டவர்களின் ஓட்டத்தை இருபது வயதுப் பிள்ளையின் ஓட்டத்தோடு ஒரே தராசில் வைத்துப் பார்க்க இந்தக் கணக்கால்தான் முடியும். (வருகிற ஜனவரியில் எனக்கு 55. அடுத்த பிரிவில் நான்தான் இளையவள். பிறந்தநாளை இவ்வளவு ஆசையோடு காத்திருந்தது சின்ன வயதுக்குப் பிறகு இப்போதுதான்.)

கணக்கை மாற்றுவது மட்டும் போதாது. ஓடத் தொடங்கும் இடத்துக்கே வர முடியாதவர்கள் இருக்கிறார்கள். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் மேல். இரவு முழுக்க ரயிலில் குந்தியிருந்து போய், அறைக்குக் காசு கொடுத்து, அரை மணி நேரம் ஓடி, மறுபடி இரவு ரயில் ஏறி, திங்கட்கிழமை வகுப்பில் நிற்க வேண்டும். எனக்குச் சம்பளம் இருக்கிறது, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். எல்லோருக்கும் அப்படியா?

நாவலடிப் பக்கம் விடிய ஐந்து மணிக்கு ஒரு தங்கச்சி வேகமாக நடப்பார். காத்தான்குடியில் வீடு, மூன்று பிள்ளைகள். ஒரு நாள் என்னோடு ஓடிப் பார்த்தார். கல்லடிப் பாலத்தடி வரைக்கும் மூச்சு வாங்காமல் வந்தார். "நீங்களும் ஒரு ஓட்டத்துக்கு வாங்களன்" என்றேன். "கொழும்புக்கா டீச்சர்? மறுகா வீட்ட ஆர் பாக்கிற?" என்றார். அவர் என்னைவிட நன்றாக ஓடக்கூடியவர். அட்டவணையில் அவர் பெயர் இல்லை. அவர் ஓடியிருந்தால் என் 10 எங்கே இருந்திருக்கும்?

எட்டில் ஒன்றை இங்கே வையுங்கள். இதை ஏற்பாட்டாளர்களுக்கும் எழுதி அனுப்பியிருக்கிறேன். 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தடியில் தொடங்கி, கடற்கரை வீதியால் போய்த் திரும்பினால் மேடு பள்ளமில்லாத 5 கிலோமீற்றர் கிடைக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களைத் தவிர்த்து, வெயில் ஏற முன்னம் முடிக்கலாம். தூரத்தைப் போனில் பார்த்தால் சரிவராது. சைக்கிள் சில்லில் சுற்றெண்ணி பூட்டி, முதலில் நாடாவால் அளந்த நீளத்தில் ஓட்டிச் சரிபார்த்து, பிறகு வீதியை அளப்பார்கள். தூரம் குறைந்துவிடாமல் இருக்கக் கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் கூட்டி வைப்பார்கள். சைக்கிளுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.

மார்கழி மழை விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நாடாவோடு பாலத்தடியில் நிற்பேன். காலை 4.45. நாடாவின் மற்ற நுனியைப் பிடிக்க ஒருவர் வேண்டும். அந்தத் தங்கச்சி வருகிறேன் என்றிருக்கிறார். வேறு யார் வருகிறீர்கள்?